ஓட்டும்போது சாலை, நிறுத்திய பிறகு மலை

மூன்று மாதத்துக்கு முன்பு என் தங்கை மகன் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினான். சாவி கைக்கு வந்து அரை மணி நேரம் ஆகவில்லை. "மாமா, முதல்ல எங்க போகலாம்? மேகமலையா, மூணாறா?" என்று கேட்டான். "நாளைக்குக் காலையில வேலைக்குப் போ மாப்ள" என்றேன். அவன் முகம் தொங்கிப்போனது. பக்கத்தில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த என் அண்ணன் மகளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நான் கேலிக்குச் சொல்லவில்லை. தேனியிலிருந்து சின்னமனூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு 28 வருடம் வண்டியில் போய்வந்த வாத்தியார் நான். போக வர 45 கிலோமீட்டர். முதலில் ஒரு ராஜ்தூத், அப்புறம் சிடி 100, அதற்கப்புறம் ஸ்பிளெண்டர். ஊர் சுற்றியதைச் சேர்க்காமல், வேலைக்குப் போய்வந்த கணக்கே இரண்டரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டும். நான் பார்த்த மலையும் மேகமும் ஆறும் பெரும்பாலும் அந்த வழியில் பார்த்தவைதான். விழுந்து எழுந்ததும் அதே வழியில்தான். இரண்டிலிருந்தும் கற்றுக்கொண்டதை அந்தப் பிள்ளைகள் இருவருக்கும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். புதிதாக வண்டி எடுக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் உதவும் என்று இங்கே தருகிறேன்.

1. ஒன்று ஓட்டு, இல்லையென்றால் பார்.

மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. 60-இல் போகிற வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. இரண்டு விநாடி மலைப்பக்கம் முகத்தைத் திருப்பினால், 33 மீட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறாய். மூன்று பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் அவ்வளவு நீளம் வரும்.

ஒரு ஜூலை மாதக் காலை. வீரபாண்டி தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன். மேற்கே கேரள எல்லை மலையின் முகட்டிலிருந்து மேகம் பால் பொங்கி வழிகிற மாதிரி இந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கி வந்து பாதி மலையிலேயே கரைந்து காணாமல் போனது. அதைப் பார்த்துக்கொண்டே போனவன் முன்னால் டவுன் பஸ் நின்றுவிட்டதைப் பார்க்கவில்லை. இரண்டு பிரேக்கையும் அழுத்தி, பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றேன். பின் படியில் நின்ற கண்டக்டர் என்னையும் நான் பார்த்த மலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், மலை எங்கிட்டும் போயிறாது. நீங்கதான் போயிருவீங்க."

அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. இந்த நோட்டில் இருப்பதில் பாதி அவர் சொன்னதன் விளக்கம்தான்.

2. கிளம்புமுன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வா.

இரண்டு நிமிட வேலை. டயரைக் கையால் அமுக்கிப் பார். காற்று எவ்வளவு என்பது வண்டியிலேயே, பெரும்பாலும் செயின் கவர் பக்கம், ஸ்டிக்கராக ஒட்டியிருக்கும். ஒற்றை ஆளுக்கு ஒரு கணக்கு, பின்னால் ஆள் இருந்தால் பின் டயருக்குக் கூடுதல் கணக்கு. பங்கில் காற்றுப் பிடிக்கிற பையன் "எல்லாத்துக்கும் முப்பது" என்பான். உன் வண்டியின் கணக்கை நீ சொல். வெயிலில் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிடிக்காதே. டயர் சூடாக இருந்தால் காற்றின் அளவு கூடுதலாகக் காட்டும். டயரின் பள்ளத்துக்குள் ஆங்காங்கே சின்ன மேடு ஒன்று இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்று. மழைக்காலம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதே.

செயினை நடுவில் விரலால் தூக்கினால் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் ஆட வேண்டும். கவருக்குள் மூடியிருக்கிற செயினுக்கு, ரப்பர் அடைப்பு போட்ட ஓட்டை ஒன்று இருக்கும். அதைத் திறந்து பார். பின் பிரேக்கை மிதித்துவிட்டுப் பின்னால் இருக்கிற சுவரைப் பார். சிவப்பு வெளிச்சம் விழுகிறதா? கடைசியாக சைடு ஸ்டாண்டைப் பார். அதை எடுக்காமல் கிளம்பி, முதல் இடது திருப்பத்தில் விழுந்த எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

3. ஹெல்மெட் தலையில் இருந்தால் போதாது, பட்டி மாட்டியிருக்க வேண்டும்.

ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பார். பின்னால் உட்காருகிறவருக்கும் சட்டப்படி ஹெல்மெட் உண்டு. மாட்டிய பிறகு பட்டிக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் போகலாம், அதற்கு மேல் கூடாது. பட்டி போடாத ஹெல்மெட் விழுகிற வேகத்தில் உனக்கு முன்னால் உருண்டு போய்விடும். முன் கண்ணாடி கறுப்பாக வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு வயல்வெளியில் பூச்சி கண்ணில் அடிக்கும், அந்த நேரம் பார்த்துக் கறுப்புக் கண்ணாடியைத் தூக்க வேண்டியிருக்கும்.

4. பிரேக்கை மைதானத்தில் பழகு, ரோட்டில் பழகாதே.

புதிதாக ஓட்டுகிறவர்கள் பின் பிரேக்கை மட்டும் நம்புவார்கள். முன் பிரேக் பிடித்தால் குப்புறத் தள்ளிவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருப்பார்கள். உண்மையில் பிரேக் பிடித்ததும் பாரமெல்லாம் முன் சக்கரத்துக்கு வந்துவிடும். வண்டியை நிறுத்துகிற பெரும் பங்கு அதற்குத்தான். 2019 ஏப்ரல் முதல் விற்கிற புது வண்டிகளில் 125 சிசி வரை இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடும், அதற்கு மேல் ஏபிஎஸ்ஸும் கட்டாயமாகிவிட்டன. மருமகன் வாங்கியது அதற்கு முந்தைய வண்டி. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க அவன் கைதான் பழக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கிற மைதானத்தில் 30-இல் வந்து, முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி இறுக்கிக்கொண்டே வா. ஹேண்டில்பார் நேராக இருக்கட்டும். இருபது முறை செய். அப்புறம் 40-இல் செய். நாய் குறுக்கே வருகிற அன்று யோசிக்க நேரம் இருக்காது. கை தானாகச் செய்ய வேண்டும்.

5. தினமும் போகிற ரோட்டைத் தினமும் புதிதாகப் படி.

பழகிய ரோடு என்று அலட்சியம் வரும் இடத்தில்தான் அடிபடுவோம். நேற்று இல்லாத வேகத்தடையை இரவோடு இரவாகப் போட்டிருப்பார்கள், அதற்கு வெள்ளை அடிக்க ஆறு மாதம் ஆகும். மாசி, பங்குனியில் ரோட்டோரப் புளியமரங்களை உலுக்குவார்கள். ஏலம் எடுத்தவர் கண் மரத்தின் மேல் இருக்கும், பழம் பொறுக்குகிற பெண்களின் கண் தரையில் இருக்கும். உன்னை யாரும் பார்க்கப்போவதில்லை.

அறுவடை நேரத்தில் கொள்ளு, கேப்பை, உளுந்து எல்லாவற்றையும் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரும், களம் தேடிப்போகிற வேலை மிச்சம். ஒரு தை மாதம் கொள்ளுச் செடி பரப்பியிருந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, சுமார் 30-இல் நுழைந்தேன். நுழைந்த பிறகு ஓரமாகப் போகலாமே என்று ஹேண்டிலைத் திருப்பினேன். கொள்ளு மணி ஒவ்வொன்றும் பால்ரஸ் குண்டு மாதிரி. வண்டி எனக்கு அடியிலிருந்து நழுவிப் போனதுதான் தெரியும். முழங்கால் சிராய்ப்பு, வளைந்த பிரேக் பெடல், சட்டைப் பை நிறையக் கொள்ளு. விளக்குமாறோடு நின்ற பாட்டி தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "நேராப் போயிருக்கலாம்ல சாமி, ஏன் திருப்புனீக?"

பாடம் அதுதான். வழுக்குகிற இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறை. உள்ளே போன பிறகு பிரேக்கும் வேண்டாம், திருப்பலும் வேண்டாம், நேராகப் போ. மணல், ஈர வைக்கோல், சாணி, மழையில் நனைந்த வெள்ளைக் கோடு எல்லாவற்றுக்கும் இதுவே கணக்கு. ரயில்வே கேட்டில் தண்டவாளம் ரோட்டுக்குச் சாய்வாகப் போனால் மட்டும், முன்கூட்டியே கொஞ்சம் விலகி வந்து, தண்டவாளத்தை நேர்க்குத்தாகக் கடந்து போ. 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயில் நின்றுபோன பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் அந்தப் பழக்கத்தையே விட்டிருந்தார்கள். இப்போது போடி வரை அகல ரயில்பாதை வந்துவிட்டது.

6. ஒரே வழியைப் பன்னிரண்டு மாதமும் பார்.

"புது இடம்" என்று தேடி அலைவதைவிட இதில் ருசி அதிகம். என் வழியைச் சொல்கிறேன். வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரைக் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் வயலுக்குத் திறப்பார்கள். பென்னிகுவிக் 1895-இல் முடித்த அணையின் தண்ணீர் அது. முதலில் நாற்றங்கால் மட்டும் துண்டு துண்டாகப் பச்சையாகத் தெரியும். நடவுக்கு உழுது தண்ணீர் கட்டிய இரண்டு மூன்று வாரம், வயலெல்லாம் கண்ணாடி. மலை தலைகீழாக அதில் கிடக்கும். இந்த இரண்டு மூன்று வாரத்தைத் தவறவிட்டால் அடுத்த நடவு வரை காத்திருக்க வேண்டும். நட்ட பிறகு நாளுக்கு நாள் பச்சை கனக்கும். ஐப்பசி நெருங்கும்போது பொன்னிறம், பின்னாலேயே அறுப்பு எந்திரமும் வடகிழக்கு மழையும். மார்கழி, தையில் விடிகாலைப் பனி ஆற்றோரத் தென்னந்தோப்புகளுக்கு மேல் ஒரு ஆள் உயரத்தில் துணி விரித்த மாதிரி நிற்கும். சித்திரைக் கடைசியில் வீரபாண்டித் திருவிழா வந்தால் ரோடு முழுக்க அக்கினிச்சட்டியும் காவடியும்தான். அந்த எட்டு நாளும் வண்டியை ஓரம்கட்டிவிட்டு நடந்து போ.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள். தேதி, இடம், என்ன பார்த்தாய் என்று ஒரு வரி. அடுத்த வருடம் அதே வாரத்தில் எங்கே நிற்க வேண்டும் என்று அந்த நோட்டே சொல்லும். போனில் எடுத்த ஆயிரம் படம் அதைச் சொல்லாது.

7. சூரியனை முதுகில் வைத்துக்கொள்.

மலை உனக்கு மேற்கே இருந்தால் காலையில் பார். வெயில் அதன் முகத்தில் விழும், ஒவ்வொரு மடிப்பும் ஓடையும் தனித்தனியாகத் தெரியும். சாயங்காலம் அதே மலை வெறும் கறுப்புச் சுவர். கம்பம் பள்ளத்தாக்குக்கு இரண்டு பக்கமும் மலை என்பதால் எங்களுக்கு அதிர்ஷ்டம். காலையில் மேற்கே கேரள எல்லை மலை, மாலையில் கிழக்கே மேகமலைத் தொடர்.

கண்ணுக்கு அழகானது ஓட்டுவதற்கும் நல்லது என்பது இந்த ஒரு விஷயத்தில் பொருந்தும். மருமகன் தேனியிலிருந்து போடிக்கு ஏலக்காய்க் கடை வேலைக்குப் போகிறான். காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே. இரண்டு வேளையும் சூரியன் முதுகுப் பக்கம். போடியிலிருந்து தேனிக்கு வேலைக்கு வருகிறவனுக்கு இரண்டு வேளையும் கண்ணில் குத்தும். எதிரே வருகிறவன் கண் கூசிக்கொண்டு வருகிறான் என்பதை மருமகன் மறக்கக் கூடாது. அவனுக்கு நீ தெரியமாட்டாய். அவன் உன்னைப் பார்த்துவிட்டான் என்று நினைத்து ஓட்டாதே.

8. டீக்கடையில் கேட்கிற விதத்தில் கேள்.

"இங்க பார்க்கிற மாதிரி என்ன இடம் இருக்கு?" என்று கேட்டால் "ஒண்ணும் இல்லையே தம்பி, கம்பம் போனா சுருளி அருவி இருக்கு" என்பார்கள். உள்ளூர்க்காரருக்குத் தன் ஊர் பார்க்கிற இடமாகத் தெரியாது. வேறு மாதிரி கேள். "மழை பேஞ்சா தண்ணி எங்கிட்டு இருந்து வரும்ணே?" "கண்மாய் நெறஞ்சா மறுகால் எங்கிட்டுப் போகும்?" "ஆட்டை மேய்ச்சலுக்கு எங்க பத்திட்டுப் போவாங்க?" "இந்த ஊருக்கு முன்னாடி பஸ் எந்த வழியா வந்துச்சு?" இப்படிக் கேட்டால் கடைக்காரர் கிளாசைக் கழுவுவதை நிறுத்திவிட்டு வெளியே வந்து கையை நீட்டிக் காட்டுவார். தண்ணீர் வருகிற வழி ஓடை. மறுகால் என்றால் கலுங்கு, மழைக்காலத்தில் சின்ன அருவி. மேய்ச்சல் நிலம் என்றால் திறந்த வெளி. பழைய பஸ் வழி என்றால் மர நிழல்.

டீ குடித்துவிட்டுக் கேள். காசு கொடுக்காமல் வழி மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவனுக்குச் சுருளி அருவிதான்.

9. புறவழிச்சாலையில் வேகம் கிடைக்கும், பழைய ரோட்டில் ஊர் கிடைக்கும்.

அவசரமில்லாத நாளில் ஊருக்குள் போகிற பழைய ரோட்டை எடு. புதுப் பாலத்துக்குப் பக்கத்தில் பழைய பாலம் கிடக்கிறதா பார். அதன் மேல் நின்றால் ஆறு காலுக்கடியில் ஓடும், லாரி தொந்தரவு இல்லை. கண்மாய்க் கரை, ஊர் எல்லையில் அய்யனார் கோயில் மரத்தடி, கணவாயின் உச்சி, அணையின் கீழ்ப்புறம் எல்லாம் வெறுங்கையோடு அனுப்பாத இடங்கள். மதுரையிலிருந்து வருகிறவர்கள் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நின்றால், அந்தப் பக்கம் வறண்ட பூமியும் இந்தப் பக்கம் மலை சூழ்ந்த தேனியும் இரண்டு நாடு மாதிரி தெரியும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறுகிறவர்களுக்கு டம்டம் பாறையில் நின்றால் எதிர்மலையில் எலிவால் அருவி. ஏறக்குறைய 300 மீட்டர் உயரம், தூரத்திலிருந்து பார்க்க வெள்ளை நூல்.

கால்வாய்க் கரை மண் பாதையில் போவதாக இருந்தால் மழை பெய்து மூன்று நாள் கழித்துப் போ. ஈரக் களிமண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே அப்பிக்கொண்டால் வண்டியைத் தள்ளக்கூட முடியாது. ஒரு தெரியாத பாதைக்கு ஐந்து கிலோமீட்டர் கொடு. ஒன்றும் இல்லையா, திரும்பி வா. திரும்பி வருகிற ஐந்து கிலோமீட்டர் வேறு காட்சி.

10. நிறுத்தப் பழகு.

ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற எவரும் இதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. அழகான இடத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிரேக் பிடிக்கிறவன் பின்னால் வருகிறவனை மறந்துவிடுகிறான். இடத்தைத் தாண்டிப் போய்விட்டாயா, போ. கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி, திரும்பி வா. வளைவில், பாலத்தில், மேட்டின் உச்சியில் நிறுத்தாதே. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே நாலு விரல் பள்ளம் இருக்கலாம், வேகத்தை நன்றாகக் குறைத்த பிறகு இறங்கு. வண்டி முழுவதும் தாரை விட்டு வெளியே வரட்டும். பாதி உள்ளே பாதி வெளியே நிறுத்தினால், வருகிறவனுக்கு நீயே வேகத்தடை.

மண்ணில் சைடு ஸ்டாண்ட் மெல்ல மெல்லப் புதையும். நீ மேகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் தொம்மென்று சத்தம் கேட்கும். ஒரு தட்டைக் கல்லைத் தேடி ஸ்டாண்டுக்கு அடியில் வை. சரிவாக இருந்தால் முன் சக்கரம் மேட்டைப் பார்த்து இருக்கட்டும், முதல் கியரில் போட்டு நிறுத்து. சாவியை எடு. ஹெல்மெட்டைக் கழற்று. இப்போது பார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்.

11. மலை ஏறுகிற கியரிலேயே இறங்கு.

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு, சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு 18. ஏறும்போது வண்டி தானே கெஞ்சும், நீயும் கியரைக் குறைப்பாய். ஆபத்து இறங்கும்போதுதான். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பாதி மலையில் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். இரண்டாவது கியரில் ஏறிய இடத்தை இரண்டாவது கியரிலேயே இறங்கு. இஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும்.

வளைவுக்கு முன்பே ஹாரன், வளைவுக்கு முன்பே கியர், வளைவுக்குள் நுழையுமுன்பே வேகக் குறைப்பு. வலது வளைவை உள்பக்கமாக வெட்டித் திரும்பாதே, அந்த ஓரம் எதிரே வருகிறவனுடையது. ஏறி வருகிற வண்டிக்கு வழிவிடுவதுதான் மலை ரோட்டுச் சட்டம். நம் பக்கத்து மலையில் இன்னொன்றும் உண்டு. விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கம்பம்மெட்டுக்கும் போடிமெட்டுக்கும் ஏறும், சாயங்காலம் அதே வேகத்தில் இறங்கும். டிரைவர்களுக்கு ஒவ்வொரு வளைவும் மனப்பாடம், பொறுமை மட்டும் குறைவு. அந்த இரண்டு நேரத்தையும் விட்டுவிட்டு, காலை எட்டு மணிக்கு மேல் ஏறி, மூன்று மணிக்கு முன் இறங்கு.

12. காற்றுக்கும் மழைக்கும் இரவுக்கும் வேகம் வேறு.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றவர்கள் எங்கள் ஊர் ரோட்டில் நின்று சொல்லியிருக்க வேண்டும். ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகளை வேறு எதற்கு நட்டிருக்கிறார்கள்? பக்கவாட்டில் அடிக்கிற காற்றுக்கு ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காதே. முட்டியால் டேங்கை அணைத்துக்கொண்டு, கையைத் தளர்த்தி, வேகத்தைக் குறை. லாரியைத் தாண்டும்போது காற்று ஒரு நொடி நின்றுவிட்டுத் திரும்பவும் அறையும். அதற்குத் தயாராக இரு.

மழையில் முதல் அரை மணி நேரம்தான் மோசம், ரோட்டில் ஊறிய எண்ணெயெல்லாம் மேலே மிதக்கும். டீக்கடையில் ஒதுங்கு. இரவில் கரும்பு டிராக்டருக்குப் பின்விளக்கு இருக்கும் என்று நம்பாதே. ரோட்டின் இருட்டில் கறுப்பு அடர்ந்து தெரிந்தால் அது டிராக்டர். தெரியாத ரோட்டை இரவில் முதன்முதலாக ஓட்டாதே. அதில் பார்க்கவும் ஒன்றும் கிடையாது.

13. காட்டு ரோட்டில் நீ விருந்தாளிகூட இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். சோதனைச் சாவடியில் சொல்கிற நேரத்துக்குள் உள்ளே போய், சொல்கிற நேரத்துக்குள் வெளியே வா. யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்து. ஹாரன் அடிக்காதே, முறுக்கி மிரட்டாதே, படம் எடுக்கக் கிட்டப் போகாதே. வந்த வழியே திரும்பு. குரங்குக்கு எதையும் கொடுக்காதே. கோடையில் புல் காய்ந்திருக்கும்போது ஒரு பீடித் துண்டு போதும். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீ எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்பது போடிக்காரர்கள் யாருக்கும் மறக்காது.

14. பின்னால் இருப்பவருக்கும் சேர்த்து ஓட்டு.

அம்மாவை உட்கார வைத்தால் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாரா என்று திரும்பிப் பார்த்த பிறகு கிளம்பு. பாப்பா, இது உன் துப்பட்டாவுக்கும்தான். சேலை கார்டு அழகாக இல்லை என்று கழற்றிப் போடாதே. பாரம் கூடினால் நிற்கும் தூரமும் கூடும். "மெதுவாப் போ" என்று பின்னால் இருப்பவர் ஒரு முறை சொன்னால், மனதுக்குள் மூன்று முறை சொல்லிவிட்டார் என்று கணக்கு.

15. அழகான இடம் யாரோ ஒருவருடைய வயல்.

வரப்பில் நடக்குமுன் கேள். கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பந்தலுக்குக் கீழே நின்று பார்க்கலாமா என்று கேட்டால் தோட்டக்காரரே ஒரு கொத்து தருவார். கேட்காமல் பறித்தால் அது திருட்டு. ஆற்றுப்படித்துறையில் பெண்கள் குளிக்கிற நேரத்தில் பாலத்தின் மேல் நின்று போனைத் தூக்காதே. ஆறு அழகாகத்தான் இருக்கும், ஆனாலும் போய்விடு. பாட்டில் உடைக்கிற கூட்டத்தோடு சேராதே. அந்தக் கண்ணாடி மாட்டின் காலில், நாற்று நடுகிறவர் காலில், காட்டில் யானையின் காலில் ஏறும்.

16. கூட்டமாகப் போனால் கடைசி ஆளின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம்.

போட்டி போடுகிற கூட்டமாக இருந்தால் தனியாகப் போ.

17. யாராவது விழுந்து கிடந்தால் நிறுத்து.

108-ஐக் கூப்பிடு, இடத்தைத் தெளிவாகச் சொல், உன் வண்டியின் விளக்கைப் போட்டு மற்ற வண்டிகளை எச்சரி. ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதே, கழுத்தைத் திருப்பாதே. போலீஸ், கோர்ட் என்று அலைய விடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தரும் பிரிவை 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள். நீ பார்க்க நினைத்த மலை அங்கேயே இருக்கும். கண்டக்டர் சொன்னதுதான்.

இவ்வளவையும் எழுதிக் கொடுத்தபோது மருமகன் நோட்டைப் புரட்டிவிட்டு, "இதுல மேகமலை எப்ப வரும் மாமா?" என்றான். "11-க்கும் 13-க்கும் நடுவுல" என்றேன். அதன் பிறகு அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. தினமும் போடிக்குப் போனான், வந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வந்து கதவைத் தட்டினான். "மாமா, ஒரு இடம் கண்டுபிடிச்சிருக்கேன். வாங்க." பின்னால் ஏறிக்கொண்டேன். போடி ரோட்டில் போய், ஒரு டீக்கடை தாண்டி, கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, அரைக் கிலோமீட்டர் மண் பாதையில் மெதுவாக இறங்கினான். ஒரு கண்மாய்க் கரை. தண்ணீர் முக்கால்வாசி நின்றது. போடி மலை முழுக்க வெயில் வாங்கி அதில் தலைகீழாகக் கிடந்தது. மறுகால் எங்கே போகும் என்று டீக்கடையில் கேட்டானாம்.

சிடி 100 வைத்திருந்த காலத்திலிருந்து அந்தக் கரையில் நான் எத்தனை காலை நின்றிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அவனிடம் சொல்லவில்லை. "எப்படிரா மாப்ள கண்டுபிடிச்ச?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். பிறகு ஒரு தட்டைக் கல்லை எடுத்து, மண்ணைத் தட்டிவிட்டு, ஸ்டாண்டுக்கு அடியில் வைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். அதற்கப்புறம்தான் மலையைப் பார்த்தான்.